ஐந்து முறை மாவட்டம் மாறிய மருமகள்

குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலை பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டால், பதினொரு மணிக்குள் அந்தப் பெண் மீது ஊரே ஒரு கேஸ் போட்டுவிடும். நகை விவகாரம் என்றது முக்குக் கடை. சிங்கப்பூரில் இருந்தவளாயிற்றே, தங்கம் கடத்தியிருப்பாள் என்று திருத்தியது பால் சொசைட்டி. மாமியார் கொடுமை தாங்காமல் மருமகளே புகார் கொடுத்துவிட்டாள் என்றது மூன்றாவது கட்சி. இந்தக் கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம்.

ஏட்டையா வந்தது, அவள் மீது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. இல்லாத ஒன்றை விசாரிக்க ஒருவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார் என்பதைத்தான் ஊரால் நம்ப முடியவில்லை.

கணவன் டாலஸில் இருக்கிறான், கையில் கிரீன் கார்டு. 2023-இல் கல்யாணம் முடிந்த கையோடு மனைவியை அழைத்துக்கொள்ள ஐ-130 மனுவைப் போட்டுவிட்டான். அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்கிறவர், பதினாறு வயதுக்குப் பிறகு சொந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருந்தால் அங்கிருந்து ஒரு போலீஸ் சான்று தரவேண்டும். வேறு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று. மருமகள் நர்சிங் படித்துவிட்டு இரண்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவள். ஆக, சான்று இரண்டு.

மனு போட்ட கணவனிடம் இந்தச் சான்றை யாரும் கேட்பதில்லை. கல்லூரிக் காலத்தில் ஒரே பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரம்பலூர் நாலு ரோட்டில் அபராதம் கட்டியவன் அவன். எறும்பை மிதித்தால்கூட முகம் சுருங்குகிற பெண்ணைத்தான் நல்லவள் என்று இரண்டு நாட்டுப் போலீஸ் எழுதித் தரவேண்டியிருந்தது. இதை எழுதுபவர் அவளுக்குத் தாய்மாமன் என்பதால், இந்த இடத்தில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வேலை பிரவுசிங் சென்டரில் தொடங்கியது. ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ என்று சொன்னதும் சென்டர் தம்பி தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தைத் திறந்துவிட்டார். அங்கேயும் சரிபார்ப்புச் சேவை உண்டு. வேலைக்குச் சேர்கிறவர், வாடகைக்குக் குடிவருகிறவர், வீட்டு வேலைக்கு வருகிறவர் என்று வகை வகையாகக் கேட்கும். “அக்கா, இதுல மருமகளுக்குன்னு தனியா இல்லையே. வீட்டு வேலைன்னு போட்டுடவா?” என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார். மாமியாரும் கூட வந்திருந்தார். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் நீளம்.

நல்லவேளை, அந்த வகையில் எதையும் போடவில்லை. போட்டு, சான்றே கிடைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இந்தியர்களுக்கு அமெரிக்கா ஏற்றுக்கொள்ளும் போலீஸ் சான்றைக் கொடுப்பது பாஸ்போர்ட் அலுவலகம். போலீஸ் விசாரிக்கும், கையெழுத்துப் போடுவது வெளியுறவுத் துறை. சமைத்தது ஒருவர், பரிமாறுவது இன்னொருவர். கட்டணம் 500 ரூபாய். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் திருச்சிதான் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையத்துப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. ஆனால் அந்த வாரம் மருமகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது திருச்சியில், ஒரு வெள்ளிக்கிழமையில்.

வெள்ளிக்கிழமை என்றதும் மாமியார் முகம் மாறியது. சிறுவாச்சூர் மதுரகாளி வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் தரிசனம் தருகிறவள். காரியம் தொடங்குமுன் அவளைப் பார்த்தாக வேண்டும். சிறுவாச்சூர் திருச்சி போகும் வழியில்தான் இருக்கிறது என்றாலும் டோக்கன் ஒன்பதரைக்கு. கடைசியில் ஏற்பட்ட சமரசம்: பஸ் சிறுவாச்சூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொள்வது, சான்று கையில் வந்த பிறகு நேரில் வந்து மாவிளக்குப் போடுவது.

சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று வகைக் கவுன்ட்டர்கள். ஏ-யில் போட்டோவும் கைரேகையும், பி-யில் காகிதங்களின் பரிசோதனை, சி-யில் முடிவு. எல்லாரும் தலைக்கு மேலே இருக்கும் திரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனுக்கு உள்ளே அனுமதி இல்லை. எதிர்ப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து, கையில் பிளாஸ்டிக் உறையோடு வெளியே வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துப் பாஸா பெயிலா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மருமகள் பி-யில் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குக் காரணம் அவள் இல்லை, அவளுடைய மாவட்டம்.

அவள் 1990-இல் ஜெயங்கொண்டம் பக்கத்தில் பிறந்தாள். அப்போது அது திருச்சி மாவட்டம். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. 1995 நவம்பரில் திருச்சியைப் பிரித்தபோது ஊர் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் தனி மாவட்டம். ஊர் அங்கே. பதினைந்து மாதம்கூட முழுசாக ஓடவில்லை, 2002 மார்ச் 31-இல் அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். போர்டு எழுதிய பெயின்ட்டர்களுக்கு அது பொற்காலம். 2007 நவம்பர் 23-இல் அரியலூர் மறுபடியும் மாவட்டமானது. அவள் வீட்டுத் திண்ணை ஓர் அங்குலம்கூட நகராமல், நான்கு முறை மாவட்டம் மாறினாள். ஐந்தாவது மாற்றம் கல்யாணத்தால் வந்தது: குன்னம், பெரம்பலூர் மாவட்டம்.

இதன் பலனாக, பிறப்புச் சான்றில் திருச்சி, பத்தாம் வகுப்புக் காகிதத்தில் பெரம்பலூர், பாஸ்போர்ட் முகவரியில் அரியலூர், புது ஆதாரில் மறுபடி பெரம்பலூர். திருச்சி அதிகாரி ஊர் விவரம் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். டாலஸில் கணவன் பிடித்திருந்த வக்கீல் ஆபிஸ் பெண்மணிதான் விடவில்லை. குன்னத்தில் காலை ஏழு மணி, டாலஸில் முந்தின நாள் இரவு எட்டரை. கான்ஃபரன்ஸ் காலில் கணவனிடம் ஒரு கேள்வி வந்தது: உங்கள் மனைவியின் குடும்பம் ஏன் இத்தனை முறை இடம் மாறியது, யாராவது துரத்தினார்களா?

“யாரும் துரத்தலீங்க. கவர்மென்ட் துரத்துச்சு” என்று மருமகள் சொன்னதை அவன் எப்படி மொழிபெயர்த்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை.

பெயரில் இன்னொரு சிக்கல். நம் ஊர் வழக்கப்படி இனிஷியலும் ஒரே பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில், இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சடிப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அது சுருக்கம். அங்கே போய் இறங்கிய எத்தனையோ தமிழர்களை ‘மிஸ்டர் ஃப்னு’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இது ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும். இப்போதைக்குச் சிங்கப்பூர் போகலாம்.

சிங்கப்பூர்ப் போலீசின் சான்றுக்கு ஆள் அங்கே போகவேண்டியதில்லை. பத்து விரல் ரேகையையும் இங்கேயே ஓர் அதிகாரி முன்னால் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பினால் போதும். அதற்காக மாவட்டக் காவல் அலுவலகத்தின் விரல் ரேகைப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த போலீஸ்காரர் கண்ணாடித் தட்டில் கறுப்பு மையை ரோலரால் சப்பாத்தி தேய்ப்பதுபோல் தேய்த்துப் பரப்பினார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டினார். “கையை லூசா விடும்மா, நீ உருட்டாத, நான் உருட்டுறேன்.” அவள் ஊசி போடும்போது நோயாளிகளிடம் சொல்லும் அதே வார்த்தை. வலது சுண்டுவிரல் மூன்று தடவை சரியாக விழவில்லை. நாள் முழுக்கச் சானிடைசரில் ஊறிய கை, ரேகை மழுங்கிப்போயிருந்தது.

விரல் ரேகைக்கென்று உலகிலேயே முதல் அலுவலகம் திறந்தது நம் கல்கத்தாவில், 1897-இல். அன்றைக்கு அது குற்றவாளிகளை அடையாளம் காண. இன்றைக்குக் குற்றமே செய்யாதவர்களும் வரிசையில் நின்று மை பூசிக்கொள்கிறார்கள். மை போவதற்கு மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. மறுநாள் ஒரு கல்யாணத்தில் பத்து விரலும் கறுத்துப் பந்தியில் உட்கார்ந்தவளிடம், பக்கத்து இலைக்காரம்மா கரிசனத்தோடு கேட்டார்: “எந்தத் தொகுதியில தாயி பத்து ஓட்டுப் போட வுட்டாங்க?”

அவள் பிறந்த ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025 வாக்கில் கடாரம் வரை போய்வந்தது. சிங்கப்பூர்ப் பக்கம்தான். அவனிடம் யாரும் நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், போன காரியத்தைப் பார்த்தால், எந்த ஏட்டும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

இப்போது அந்தக் காலைப் பைக்குக்குத் திரும்பலாம். ஏட்டையா காப்பி குடித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றார். இடது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போயிருந்தார்கள். எதிர் வீட்டு ஆசிரியர் ஒன்று போட்டார். மிச்சம் இருந்தது வலது பக்கத்துப் பங்காளி. அரை அடி வரப்புக்காக இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். காது மட்டும் வாசலில் இருந்தது.

“இந்தப் பொண்ணு எப்படிங்க?”

பங்காளி தொண்டையைக் கனைத்தார். “தங்கமான பொண்ணுங்க. எம் பேத்திக்குக் காய்ச்சல்னு ராத்திரி ஒரு மணிக்குத் தட்டுனேன், ஓடியாந்து பார்த்துச்சு. ஒரு குத்தம் சொல்ல முடியாது.” கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார். “மாமியாரைப் பத்தி ஏதும் கேக்கணுங்களா?”

“அது இந்த பாரத்துல இல்லீங்க” என்றார் ஏட்டையா.

சான்று வந்தது. ஒற்றைத் தாள், ஓரத்தில் போட்டோ. மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். “நல்ல பொண்ணுன்னு எந்த வரியில இருக்கு?” அப்படி எந்த வரியிலும் இல்லை. இன்னாருக்கு எதிராக, விசா பெறும் தகுதியைக் கெடுக்கும்படியான தகவல் ஏதும் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். “அம்புட்டுத்தானா? கெட்டவ இல்லேங்குறதுக்கா இவ்ளோ அலைச்சல்?” என்று ஏமாந்துபோனார். ஆனாலும் மதுரகாளிக்கு மாவிளக்குப் போட்டாயிற்று, ஒரு திங்கட்கிழமை.

கணவன் கெட்டிக்காரன். எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும் என்று மனு போட்ட சூட்டோடு சான்றையும் வாங்க வைத்தவன். கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு எஃப்2ஏ என்று ஒரு வரிசை. முந்தைய சில ஆண்டுகள் அந்த வரிசையே இல்லாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் அவன் கணக்குப் போட்டான். 2023 ஏப்ரலிலேயே அது நின்றுவிட்டது. எந்தத் தேதி வரை போட்ட மனுக்களுக்கு விசா என்ற கணக்கு 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கிவிட்டது. ஆண்டுகள் ஓடின. மாதாமாதம் அந்தத் தேதியைச் சொல்லும் விசா புல்லட்டின் வரும் நாளில் இரண்டு பேரும் ராசிபலன் பார்ப்பதுபோல் போனைத் திறப்பார்கள். முறை வந்தபோது இந்தியச் சான்றுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் போனால் செல்லாது.

இதில் வேடிக்கை, சிங்கப்பூர்ச் சான்று அப்படியே செல்லும். அது வாங்கிய பிறகு அவள் அந்த நாட்டுக்குத் திரும்பப் போகவில்லை. எனவே அங்கே புதிதாகக் குற்றம் செய்ய வாய்ப்பில்லை. குன்னத்தில் மாமியாரோடு இருந்த இரண்டு வருஷத்துக்குத்தான் அப்படி உத்தரவாதம் தரமுடியாது என்று சட்டம் நினைக்கிறது. சட்டம் எழுதியவருக்கும் மாமியார் இருந்திருக்கக்கூடும்.

மறுபடியும் 500 ரூபாய், மறுபடியும் திருச்சி, மறுபடியும் ஏ, பி, சி. மறுபடியும் பைக். இந்த முறை முக்குக் கடை அசரவில்லை. “அமெரிக்காப் பொண்ணுக்குத்தானே சார்? நேரா போயி ரெண்டாவது வீடு” என்று வழி சொல்லியது. ஏட்டு மாறியிருந்தார், காப்பி அதே டம்ளரில் வந்தது. பங்காளி கூப்பிடாமலே வந்து கையெழுத்துப் போட்டார்.

புதுச் சான்று வந்த பத்தாம் நாள் அதே பைக் திரும்பவும் தெருவுக்குள் நுழைந்தது. பங்காளி மகன் குவைத்துக்குப் போகிறானாம். அவனுக்கும் விசாரணை, பக்கத்து வீட்டில் ஒரு கையெழுத்து வேண்டும். ஏட்டையா மாமியாரிடம் பாரத்தை நீட்டினார். மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“போடுறேங்க, பையன் மேல என்ன குத்தம்? உக்காருங்க, காப்பி குடிங்க. இந்த அரையடி வரப்பு சமாச்சாரத்தை உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்.”