மீள்வண்ணர் இயல்: சிறுபடைக்கு நிறம் தேர்தல் குறித்த ஓர் ஆய்வு

இளமையில் தூரிகையைக் கீழே வைத்து, தலை நரைக்கத் தொடங்கியதும் மீண்டும் கையில் எடுப்பவரை இக்கட்டுரை 'மீள்வண்ணர்' எனக் குறிக்கும். இங்கிலாந்தில் இவ்வினம் மிகுதி. வாழிடம், சாப்பாட்டு மேசையின் ஒரு முனை. உடைமை, பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் கிடக்கும் 28 மில்லிமீட்டர் பொம்மை வீரர்கள். 1983இல் வார்ஹாமர் என்னும் மேசைப் போர் விளையாட்டையும் 1987இல் வார்ஹாமர் 40,000-ஐயும் வெளியிட்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே இவர்களில் பலருடைய பெற்றோரின் பணத்துக்குப் போக்கிடமாக இருந்தது.

ஆய்வின் முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம். படைக்கு வண்ணம் பூசாமல் காலம் கடத்த மனிதன் கண்ட வழிகளில் தலையாயது, அதற்கு நிறம் தேர்ந்துகொண்டிருப்பது.

எச்.ஜி. வெல்ஸுக்கு இந்த வழி தெரியாது. 1913இல் பொம்மை வீரர்களின் போர் விளையாட்டுக்கு 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூல் எழுதிய அவருக்கு, வீரர்கள் கடையிலேயே வண்ணம் பூசிக் கிடைத்தார்கள். பெட்டியைத் திறந்தால் போர். இன்றைய வீரரோ பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, தலை வேறாக, சாம்பல் நிறத்தில் வருகிறார். வெட்டி, ஒட்டி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகுதான் நிறம் என்ற கேள்வியே எழும். வெட்சி சூடி ஆநிரை கவரப் போன நம் மறவர்கள், எந்தச் சிவப்பு என்று இத்தனை நாள் யோசித்திருந்தால் மாடுகள் கிழடாகியிருக்கும்.

சோதனை முறை எளிது. ஒரு வீரரைப் பலிகொடுத்து, அவர்மேல் எண்ணிய நிறங்களைப் பூசிப் பார்ப்பது. மனம் இளகியவர்கள் பிளாஸ்டிக் கரண்டியில் பூசுவர். கறுப்புப் பிரைமர்மேல் சிவப்பு மங்கும்; வெள்ளைமேல் கூசும். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும் அக்ரிலிக், காய்ந்ததும் சற்றுக் கருக்கும். ஆகவே இரவில் விளக்கடியில் எடுத்த முடிவைக் காலை வெயில் ரத்து செய்யும்.

மஞ்சளுக்குத் தனி நூல் வேண்டும். அடியிலுள்ளதை மறைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. கறுப்பின்மேல் பூசினால் பாசி படிந்ததுபோல் பச்சை அடிக்கும். வெள்ளையோ பழுப்போ இளஞ்சிவப்போ அடியில் இட்டு, நீர்க்கக் கரைத்து, காயக் காயப் பல பூச்சு இட வேண்டும். வார்ஹாமர் 40,000-இல் வரும் இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ் என்னும் மஞ்சள் படை, முற்றுகையில் அசையாமல் நிற்பதற்குக் கதையில் பேர்பெற்றது. மேசைமேலும் அப்படியே நிற்கிறது, பாதி பூசியபடி.

மீள்வண்ணருக்கே உரிய துயரம் ஒன்றுண்டு. 2012இல் அந்த நிறுவனத்தின் சிட்டடெல் வண்ணங்களின் வரிசை அடியோடு மாறியது. கடையில் போய் 'காப்ளின் கிரீன்' கேட்டால் 'வார்பாஸ் கிரீன்' என்று ஒரு புட்டி நீட்டப்படும். குழிகளில் தேங்கி நிழல் தரும் 'டெவ்லன் மட்' என்ற பழுப்பு வாஷும் அத்தோடு போயிற்று. அதன் இடத்துக்கு வந்த 'அக்ராக்ஸ் எர்த்‌ஷேட்' நல்லதுதான் என்பார்கள், இரண்டாம் தாரத்தைப் புகழும் குரலில்.

இனி மறுதரப்பு. நிறத்தால் பயன் உண்டு என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவர். ஒன்று, சிவப்பு வண்டி வேகமாக ஓடும் என்ற, வார்ஹாமர் 40,000-இல் வரும் ஆர்க் இனத்தாரின் நம்பிக்கை. முந்தைய விதிப்புத்தகங்கள் அதற்கு ஓர் அங்குலம் கூடுதலாகவே கொடுத்தன. மற்றது, 2020இல் வந்த அந்த விளையாட்டின் ஒன்பதாம் பதிப்பு, வண்ணம் பூசிய படைக்கு நூற்றில் பத்துப் புள்ளி தந்தது. சரியே. ஆனால் அந்தப் பத்து, முழுப்படையும் பூசி வந்தவருக்கு. சோதனை வீரர் ஒருவருக்கும் மூன்று கரண்டிகளுக்கும் அரைப் புள்ளிகூடக் கிடையாது. மேலும், மேசைக்கு அப்பால் நிற்கும் எதிராளிக்கு, இருவேறு நீலங்களும் நீலமாகத்தான் தெரியும்.

ஆய்வு தொடர்கிறது. 2012க்கு முந்தைய டெவ்லன் மட் புட்டி, காயாத நிலையில், வாசகர் எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம். முழுதும் பூசி முடித்த மஞ்சள் படை ஒன்றை யாரேனும் காட்டினால், மேற்சொன்ன முடிபைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் சித்தமாக இருக்கிறோம்.