பேட்டரி உபசாரம்

வீட்டில் இருந்து சலித்துப்போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஆனால், வீட்டை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்ற ஆசையும், கட்டில், அடுப்பு, வெந்நீர்க் குழாய் முதலிய சகல சௌகரியங்களும் கூடவே புறப்பட்டு வர வேண்டும் என்ற ஆசையும் ஏககாலத்தில் ஒரு ஜனசமூகத்தைப் பிடித்து ஆட்டுவதை நான் இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் கண்டேன். இந்த இரட்டை ஆசையின் பலனாகப் பிறந்ததே கேரவன். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற பழைய கடற்படை வைத்தியர் 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் 'வாண்டரர்' என்று ஒரு கேரவனைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஸ்காட்லாந்து வரையில் உல்லாசப் பிரயாணம் போனார். அவரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. குதிரை பசித்தால் கனைக்கும். வோல்ட் குறைந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பிராணனை விடாது.

என் மருமகப்பிள்ளையின் கேரவன், டெர்பிஷையரில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. வருஷத்தில் சில வாரங்கள் ஓடுவதும் பாக்கி நாளெல்லாம் நிற்பதும் அதன் தலையெழுத்து. ஓடும்போது யாருக்கும் ஒரு விசாரமும் இல்லை. நிற்கும்போதுதான், 'லெஷர் பேட்டரி' என்ற திருநாமத்துடன் அதன் வயிற்றில் வீற்றிருக்கும் கறுப்புப் பெட்டிக்காகக் குடும்பமே கவலைப்படுகிறது. காரைக் கிளப்பும் பேட்டரி வேறு ஜாதி. அது சில கணங்களில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரி இறைத்துவிட்டு ஓய்ந்துவிடும். இதுவோ, விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் கணப்பின் விசிறிக்கும் சிறுகச் சிறுக மணிக்கணக்கில் படியளக்க வேண்டியதாகையால், ஈயத் தகடுகளைத் தடிப்பாகப் போட்டு, ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்படியாக, சுமார் 25 கிலோ கனத்தில் செய்திருக்கிறார்கள். அதன்மேல் 110 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். ஐந்தரை ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரும் என்பது அதற்குச் சாஸ்திரார்த்தம். ஆனால் அதை நம்பி அனுபவிக்கப் புகுந்தவன் கெட்டான். பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுசு குறைந்துவிடுமாம்.

"110-க்குப் பணம் கொடுத்துவிட்டு 55-ஐத்தானா மாப்பிள்ளை உபயோகிப்பது?" என்று கேட்டேன்.

"பாக்கி 55, இருக்கிறது என்ற தைரியத்துக்கு, மாமா" என்றார்.

கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1859-ல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி வைத்த நாள் முதல் இதன் சுபாவம் மாறவே இல்லை. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. தாமதிக்காமல் சார்ஜ் ஏற்றினால் கரைந்து போகிறது. பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டாலோ, இறுகிப் படிகமாகி, அப்புறம் எந்த உபாயத்துக்கும் மசிவதில்லை. போதாக்குறைக்கு, வண்டியைத் திருடன் கொண்டுபோகாமல் காவல் காக்கும் அலாரமே இரவு பகலாகப் பேட்டரியைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. கூரையிலே சூரிய ஒளித் தகடு ஒன்று உண்டு. டிசம்பர் மாதத்து இங்கிலாந்தில் சூரியபகவான் காலை எட்டு மணிக்கு மேல் எழுந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே படுக்கப் போய்விடுகிறவர். நடுவில் விழித்திருக்கும் நேரத்திலும் பெரும்பாலும் மேகப் போர்வையை விலக்குவதில்லை.

ஆகவே, குளிர்காலம் பிறந்ததும் பேட்டரியைக் கழற்றி கராஜுக்குள் கொண்டுவருகிறார்கள். எதிர்மறை முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்யும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். அடுத்த வீட்டு ஆங்கிலேயக் கிழவர், பேட்டரியை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று சொல்லி ஒரு பலகை கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனாலும் பெரியவர் வாக்கைத் தட்டலாகாது என்று, மருமகப்பிள்ளை அதைப் பலகையின்மேல்தான் எழுந்தருளப் பண்ணியிருக்கிறார்.

அதன்பின் சிசுருஷை ஆரம்பம். முனைகளில் பச்சையும் வெளுப்புமாகப் பூத்திருக்கும் உப்பை, வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் தேய்க்க வேண்டும். தொட்ட மாத்திரத்தில் அது நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்துக் காயவைத்து வாஸ்லின் தடவ வேண்டும். ஆப்பசோடா என் பெண்ணின் சமையலறையைச் சேர்ந்தது. பிரஷ் யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. மூடிகளைத் திறந்து, தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். குழாய் நீர் ஆகாது. சார்ஜரானது முதலில் 14.4 வோல்ட் வரையில் ஊட்டி, வயிறு நிறைந்ததும் பதின்மூன்றரைக்குத் தணிந்துகொள்ள வேண்டும். குறைத்துப் பரிமாறினால் வாடிப்போகிறது; மிஞ்சிப் பரிமாறினால் கொதிக்கிறது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை நான் இப்படித்தான் உபசரித்தேன். அந்த மாப்பிள்ளையே இன்று ஒரு பேட்டரிக்கு முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் கராஜ் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று விதி. ஜனவரி மாதத்துக் காற்று அந்த வழியாக வீட்டுக்குள் சகல மரியாதைகளுடன் பிரவேசிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் வைத்துப் பார்க்கும் வைபவம். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்ட பிறகே அளக்க வேண்டும்; கழற்றிய சூட்டோடு அளந்தால் இல்லாத பெருமையெல்லாம் காட்டும். 12.7 என்றால் மருமகப்பிள்ளைக்கு முகமலர்ச்சி. 12.4 என்றால் சிந்தனை. 12.2 என்றால் பாதி காலி என்று அர்த்தம். அன்று வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பேட்டரியை ஏற்றிக்கொண்டு வசந்த காலத்தில் பிரயாணம் புறப்பட்டோம். என் பெண்ணுக்கோ மின்சாரக் கெண்டியும் கூந்தல் உலர்த்தியும் இல்லாமல் பொழுது விடியாது. இரண்டு கிலோவாட் கெண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி 160 ஆம்பியருக்கு மேல் தர வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியமா? அதனால், நீல நிறச் செருகியைச் செருகி 230 வோல்ட் மின்சாரம் வாங்கிக்கொள்ளும் முகாம்களில் மாத்திரமே தங்கினோம். அங்கே கேரவனுக்கு வேண்டிய சகலத்தையும் அந்தக் கம்பியே கொடுத்துவிடுகிறது. பேட்டரிக்கும் அதுவே ஊட்டிவிடுகிறது.

கேரவன் வாங்கும் உத்தேசமுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஐப்பசியில் பேட்டரியை மட்டும் வாங்கி ஒரு குளிர்காலம் காப்பாற்றிப் பாருங்கள், பங்குனியில் அதுவும் உங்கள் இல்லறமும் நல்ல நிலையில் இருந்தால், வண்டியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.