நக்கவாரத்தில் வேகாத வாஃபிள்

தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்த டேனிஷ் கம்பெனிக்குத் திடீரென்று தீவு ஆசை பிடித்தது. 1756 புத்தாண்டு அன்று நிக்கோபாரைத் தங்கள் காலனி என்று அறிவித்து, ‘புதிய டென்மார்க்’ என்று பெயரும் வைத்தார்கள். வருடம் முடிவதற்குள் ராஜா ஐந்தாம் ஃப்ரெடரிக் கோபித்துக்கொள்வாரோ என்று ‘ஃப்ரெடரிக் தீவுகள்’ ஆக்கினார்கள். பெயர்சூட்டு விழா இரண்டு நடந்தது; பிள்ளைதான் தேறவில்லை.

ராஜேந்திர சோழன் விவரமான ஆள். 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல்படை அனுப்பியபோது, வென்ற ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரத்தையும் (இதே நிக்கோபார்தான்) மெய்க்கீர்த்தியில் பொறித்துக்கொண்டதோடு சரி. அங்கே குடித்தனம் நடத்துகிற வம்பு அவனுக்கு எதற்கு?

டேனிஷ்காரர்கள் குடித்தனம் நடத்தப் பார்த்தார்கள். வெண்ணெயும் வாஃபிளும் தின்று வளர்ந்த உடம்பு. கொசுவுக்குத் தலைவாழை விருந்து. மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போக, மிஞ்சியவர்கள் தரங்கம்பாடிக்கே திரும்பினார்கள். அடுத்து 1768-இல் மொராவியத் திருச்சபைப் பாதிரிமார் நான்கவுரித் தீவுக்கு வந்து, கல்லறைகளைப் பெருக்கிவிட்டு 1787-இல் மூட்டை கட்டினார்கள். கொசுதான் குற்றவாளி என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் துப்புத் துலக்கியது 1897-இல். அதுவரை பழியெல்லாம் கெட்ட காற்றின் தலையில்.

இடையில் இன்னொரு கூத்து. டேனிஷ்காரர்கள்தான் போய்விட்டார்களே என்று 1778-இல் ஆஸ்திரியாக்காரர்கள் வந்து நான்கவுரி, கமோர்ட்டா பக்கம் கொடி நட்டார்கள். டென்மார்க் பட்டா தன் பேரில் என்று சண்டைக்கு நின்றது. ஆஸ்திரியாக்காரர்கள் காட்ஃப்ரீட் ஸ்டால் என்பவரை நம்பி ஒரு கைப்பிடி ஆட்களை விட்டுப் போனார்கள்; அவரும் 1783-இல் இறந்தார். டென்மார்க்கோ விடாக்கண்டனாக வந்து வந்து போய், 1868-இல் ஒருவழியாகத் தீவுகளை ஆங்கிலேயர் தலையில் கட்டியது. 112 வருடமாக அவர்கள் பருப்பும் வேகவில்லை, வாஃபிள் மாவும் வேகவில்லை.

கோதுமை விளையாத மண்ணில் நின்றுகொண்டு ஐரோப்பாவை எதிர்பார்த்தால் எப்படி வேகும்? அதே தீவில் நிக்கோபாரிகள் தாழை இனப் பழத்தை அவித்து, நாரை நீக்கிப் பிசைந்து, தேங்காயும் மீனும் பன்றியுமாக நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டேனிஷ் துரைகளுக்குத் தென்னையைப் பார்த்தால் வியாபாரம்தான் தெரிந்தது, சமையல் தெரியவில்லை.

அவர்கள் வேகாமல் விட்ட வாஃபிளை நாம் சுட்டு முடித்துவைக்கலாம். இப்போது ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரில் மைதா கப்பலில் வந்து இறங்கிவிடுகிறது. தேங்காய் கொல்லையிலேயே விழுகிறது. ஒன்றரைக் கப் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு. இரண்டு முட்டையை அடித்து, ஒன்றேகால் கப் தேங்காய்ப்பாலும் கால் கப் உருக்கிய வெண்ணெயும் சேர்த்து, இட்லி மாவுப் பதத்தில் கலக்குங்கள். கட்டி இருந்தால் இருக்கட்டும். ரொம்ப அடித்தால் வாஃபிள் ரப்பராகிவிடும். காய்ந்த அச்சில் ஊற்றி மூடி, ஆவி அடங்கியதும் திறங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே பாதி, கீழே பாதி.

சாஸுக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கிவிடுங்கள். சூடு தணிந்த பிறகே கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும்.

இதை நான்கவுரிக்கே கொண்டுபோய்ச் சாப்பிடலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். பழங்குடிகளைக் காக்கும் சட்டப்படி வெளியாட்கள் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சட்டம் வந்தது 1956-இல்: டேனிஷ்காரர்கள் கேட்காமல் காலனி அறிவித்துச் சரியாக 200 வருடம் கழித்து. இன்று ஐந்தாம் ஃப்ரெடரிக்கே எழுந்து வந்தாலும், முதலில் போர்ட் பிளேரில் மனு எழுதிக்கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.