பன்னிரண்டு தொகுதி, பதினெட்டுப் பேர்

பாபிலோனியாவில் வானம் பார்ப்பது உத்தியோகம். நிலா நடக்கிற பாதையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று களிமண் பலகையில் கணக்கெடுத்தார்கள். ‘முல்.அபின்’ தொகுப்பின் பட்டியலில் 17, 18 பேர் தேறினார்கள்: காளை, சிங்கம், தேள், கிழவர், இடையர், ஒரு கூலியாள்கூட!

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கணக்கர்கள் கை ஓங்கியது. வருஷத்துக்கு 12 மாசம், ஆகவே வானத்துக்கும் 12 வீடு, வீட்டுக்கு 30 பாகை. தொகுதிப் பங்கீடு முடிந்தபோது கிழவருக்கும் இடையருக்கும் சீட்டு இல்லை. கூலியாள் தப்பித்தார், ஆனால் போகப்போக அவரை ஆடாக்கிவிட்டார்கள். அவருடைய முதலாளிக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சரக்கு கிரேக்கத்துக்குப் போனது. ‘ஸோடியாகோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். குட்டிப் பிராணிகளின் வட்டமாம். இன்றைய ‘ஸோடியாக்’ அதன் பேரப்பிள்ளை. உள்ளே எட்டிப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஒரு கன்னி, குடம் கவிழ்க்கிற ஆள். தராசுக்கு உயிரே கிடையாது. அதனாலோ என்னவோ, கிரேக்கர்கள் தராசைப் பறித்துத் தேளுக்கு முன்பக்க இடுக்கிகளாக மாட்டிவிட்டார்கள். ரோமானியர்கள் அதைத் திரும்பத் தராசாக்கினார்கள். ஆனாலும் துலாமின் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களுக்கு அரபுப் பெயர்கள் இன்றும் தெற்கு இடுக்கி, வடக்கு இடுக்கிதான்.

அடுத்த கப்பல் இந்தியாவுக்கு. ஜோதிட அறிஞர் வராகமிகிரர் ‘பிருகத் ஜாதக’த்தில் மேஷத்தைக் ‘கிரிய’ என்றும் ரிஷபத்தைத் ‘தாவுரி’ என்றும் சிம்மத்தை ‘லேய’ என்றும் சொல்கிறார். கிரியோஸ், தௌரோஸ், லெயோன்: மூன்றும் கிரேக்கத்து ஆசாமிகள். ஆட்டுத் தலையும் மீன் வாலுமாக இருந்த பிராணி இங்கே மகரமாகி முதலை வாயைத் திறந்தது. ஜாதகக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் பூர்வீகம் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

இப்படி எல்லாரும் சௌக்கியமாக இருக்கையில், 1930இல் சர்வதேச வானியல் சங்கத்துக்காக டெல்போர்ட் என்ற பெல்ஜியக்காரர் வானம் முழுவதற்கும் பட்டா போட்டார். சூரியனின் பாதையில் பதின்மூன்றாவதாக ஒருவர் நிற்பது பட்டாவிலேயே பதிவாயிற்று: பாம்பைப் பிடித்த ‘ஓஃபியூக்கஸ்’. பஞ்சாங்கப்படி கார்த்திகை முழுவதும் சூரியன் விருச்சிகத்தில். டெல்போர்ட் கோட்டின்படி தேள் வீட்டில் தங்குவது ஏறக்குறைய 7 நாள். பாம்புக்காரர் வீட்டில் சுமார் 18 நாள். வாடகை மட்டும் தேளுக்கு!

விருச்சிக ராசிக்காரர்கள் இதைப் படித்துக் கோபப்படக் கூடாது. படுவார்கள், அவர்கள் பலனில் அப்படித்தான் போட்டிருக்கும்.