சீடை வெடிப்பு: காரணங்களும் காரணகர்த்தாக்களும்

ஆவணி மாதத்து அஷ்டமியன்று தமிழ்நாட்டின் கணிசமான அடுப்படிகளில் ‘டப்’ என்றொரு ஓசை கேட்கிறது. அதையடுத்து ‘ஐயோ’ என்றொரு குரலும், கூடத்திலிருந்து ‘என்னாச்சு?’ என்றொரு விசாரிப்பும், பிறகு ஒரு மௌனமும், மௌனத்தின் முடிவில் ‘மாவைச் சலிச்சியா, இல்லையா?’ என்ற கேள்வியும் எழுகின்றன. இந்த ஐந்தின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. முதலாவது இயற்பியலைச் சேர்ந்தது. ஐந்தாவது குடும்பவியலைச் சேர்ந்தது. முதலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு மனித அறிவு எப்படி இவ்வளவு விரைவாகப் போய்ச் சேருகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். இங்கே சீடை என்றால் உப்புச் சீடை. கோகுலாஷ்டமி, கிருஷ்ண ஜெயந்தி, ஸ்ரீஜெயந்தி என்று வீட்டுக்கு வீடு பெயரும், சில ஆண்டுகளில் தேதியும்கூட வேறுபடும் அந்தப் பண்டிகைக்காகச் செய்யப்படுவது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்து, சலித்து, கோலமிட்டால் இழை விழும் பதத்துக்கு வறுத்த மாவு; சிவக்க வறுத்து அரைத்த உளுத்தம் மாவு கொஞ்சம்; வெண்ணெய், தேங்காய்த் துருவல், எள், பெருங்காயம், உப்பு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கோலிக்குண்டைவிடச் சற்றே சிறிதாக உருட்டி, வெள்ளைத் துணியில் உலரவிட்டு, எண்ணெயில் போட வேண்டும். இந்தப் பட்டியலில் வெடிமருந்து என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றும் இல்லை. தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து வருபவற்றிலேயே சில வெடிக்காமல் புஸ்ஸென்று போகின்றன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, வெறும் அரிசிமாவு வெடிக்கிறது.

முன்னோர் இதைப் பற்றி என்ன எழுதினார்கள்? எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது முதல் தமிழில் சமையல் நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ‘பக்குவமாகப் பொரித்தெடுக்கவும்’ என்ற வரியைத் தாண்டி வெடிப்பியலுக்குள் நுழைபவர் குறைவு. பக்குவம் என்பது எழுதியவருக்குக் கைவந்தது, படிப்பவருக்குக் கைசுட்டது. மற்றபடி இத்துறையின் அறிவெல்லாம் வாய்மொழி மரபாகவே, அதுவும் பெரும்பாலும் வெடிப்பு நிகழ்ந்த பிறகே, வழங்கப்பட்டு வருகிறது.

இனி இயற்பியல். தருக்க நூலார் மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பார்கள். அதே முறையில், வெடித்ததைக் கண்டு ஈரத்தை அனுமானிக்கலாம். ஒரு கிராம் நீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடம் கேட்கும். ஒரு சீடைக்குள் அரை கிராம் ஈரம் இருந்தால் அதற்கு முக்கால் லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். சீடையிடம் அவ்வளவு இடம் கிடையாது. எண்ணெயோ 160 முதல் 180 டிகிரி செல்சியஸில் காத்திருக்கிறது. நீருக்கு 100 டிகிரியே போதும். ஆகவே எண்ணெயில் விழுந்த கணத்திலிருந்தே உள்ளிருக்கும் ஈரம் வழி தேடத் தொடங்குகிறது. வாணலியில் சலசலவென்று எழும் குமிழியெல்லாம் வழி கிடைத்த ஈரம். மேல்தோல் இறுகிப்போன பின்னும் வழி கிடைக்காத ஈரமே ‘டப்’.

(இந்த இடத்தில், புகுந்த வீட்டில் மருமகளின் மனமும் இப்படித்தான் என்று உவமை சொல்லச் சிலர் கிளம்புவார்கள். அவர்களை இக்கட்டுரை வாசலிலேயே நிறுத்துகிறது. இது பொறியியல் ஆய்வு.)

சோளப்பொரிக்கு இந்த விஷயத்தில் கிடைத்த மரியாதையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எம்மானுவேல் விரோ, அலெக்ஸாந்த்ர் பொனொமரென்கோ என்னும் இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை அதிவேகக் காமிராவில் பிடித்து, சோளமணி ஏறத்தாழ 180 டிகிரியில் வெடிக்கிறது என்று 2015-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி இதழொன்றிலேயே வெளியிட்டுவிட்டார்கள். சோளம் வெடித்தால் பொரி, வெடிக்காவிட்டால் குறை. சீடைக்கு நேர்மாறு. வெடிக்க வேண்டிய ஒன்று ஏன் வெடிக்கிறது என்பதற்கு ஆய்வும் காமிராவும் உண்டு; வெடிக்கக் கூடாத ஒன்று ஏன் வெடிக்கிறது என்பதற்கு அத்தையும் மாமியும்தான்.

நீராவி அழுத்தம் என்ற பிரச்சினை புதிதும் அல்ல. டெனிஸ் பாப்பன் எலும்பையும் குழைத்துவிடும் நீராவிக் கலம் ஒன்றைச் செய்து 1679-இல் லண்டனில் காட்டினார். கலம் வெடித்துவிடக் கூடாதே என்று பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அவரே கண்டுபிடித்துச் சேர்த்தார். இன்று நம் குக்கர் தலையில் ஆடும் வெயிட், அந்த வால்வின் வம்சம். சீடைக்கு வால்வும் இல்லை, விசிலும் இல்லை. மூன்று விசிலுக்கு அடுப்பை அணை என்று யாரிடமாவது சொல்லிவிட்டு ஒதுங்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம், அழுத்தத்துடன் நீராவியை உண்டாக்குவதற்கென்றே பயன்படும், ஐந்து காலனுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள மூடிய கலத்தைத்தான் கொதிகலன் என்று வரையறுத்தது. சீடை மூடிய கலம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் ஐந்து காலன் கொள்ளாது. மேலும் அது நீராவி உண்டாக்குவதற்கென்றே செய்யப்பட்டதல்ல, கிருஷ்ணனுக்கென்று செய்யப்பட்டது. ஆகவே ஆய்வாளர் வந்து சான்றிதழ் தரும் வசதி நம் அடுப்படிக்கு அன்றே இல்லாமல் போயிற்று. அந்தப் பொறுப்பை வீட்டுப் பெரியவர்கள் சம்பளமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, ஏன் சீடை மட்டும்? அதே மாவுக் கூட்டணியில் பிறந்த தட்டை வெடிப்பதில்லை. அது மெலிது, போதாததற்கு உடம்பெல்லாம் குத்துப்பட்டது. முறுக்கு வெடிப்பது அரிது. அது சன்னமான இழை, உள்ளே ஒளிந்துகொள்ள இடமில்லை. சீடைதான் உருண்டை. ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உடைய வடிவம் உருண்டை என்பது கணிதம் அறிந்த உண்மை. அதாவது, உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு மிகக் குறைந்த வாசல். அதிலும் அழுத்தி, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் உருட்டினால் இருக்கும் வாசலும் அடைபடுகிறது.

இக்கட்டுரையின் மையமான முடிவு இங்கேதான் இருக்கிறது: சீடை வெடிப்பதற்கு அலட்சியம் எந்த அளவுக்குக் காரணமோ, அந்த அளவுக்கு அக்கறையும் காரணம். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர், நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று ஒவ்வொன்றையும் உள்ளங்கைக்குள் வைத்துப் பளிங்குபோல் உருட்டுகிறார். அதுதான் வெடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, கண் டிவியிலும் கை மாவிலுமாக ஏழு வயதுப் பையன் கோணலும் மாணலுமாக உருட்டிப் போடுகிறானே, வெடித்துப் பிளந்த பாதம்போல் விரிசல் விட்ட உருண்டை, அது சமர்த்தாகப் பொரிந்து வருகிறது. ‘அழுத்தாம, சும்மா உருட்டிப் போடு’ என்று பாட்டிமார் சொல்வது சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த அனுமதி என்று நினைத்திருந்தோம். அது அழுத்தக் கலங்களுக்கான வடிவமைப்பு விதி.

மாவிலுள்ள திப்பியும் முக்கியக் குற்றவாளி. சரியாக அரைபடாத அரிசிக் குருணை, உளுந்துக் குருணை, கரையாத உப்புக் கல் ஆகியவை இருக்கும் இடத்தில் மாவு ஒரே சீராக வேகாமல் ஈரம் தங்குகிறது. எள்ளையும் இதில் சேர்க்கும் ஒரு பிரிவு உண்டு. எள்ளை விட்டுவிட்டுச் சீடை செய்யும் அளவுக்கு அந்தப் பிரிவு தீவிரமானது.

காரணங்கள் இவ்வளவே. காரணகர்த்தாக்களின் பட்டியல்தான் நீளம்.

முதல் இடம் மாவு மில்காரருக்கு. ‘நைஸா அரைக்கச் சொன்னேன், எனக்கு முன்னாடி யாரோ கேழ்வரகு போட்டிருக்காங்க’ என்பது இவ்வாதத்தின் மூல வடிவம். இதன் பலம், மில்காரர் அடுப்படியில் இல்லை என்பது. பலவீனமும் அதுவே, ஏனென்றால் திட்டுவதற்கு ஆள் எதிரே இல்லாவிட்டால் வாதம் சீக்கிரம் ஆறிவிடும். அடுத்தவர், பாக்கெட் மாவு வாங்கி வந்த கணவர். பாக்கெட் மாவு பெரும்பாலும் மில் மாவைவிட நைஸாகத்தான் இருக்கும் என்பதைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்படுவதில்லை. மூன்றாவது, உறைமோர் வாங்க வந்து ‘அடேயப்பா, இவ்வளவா!’ என்று சொல்லிவிட்டுப் போன எதிர்வீட்டு அம்மாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்றாலும், அவர் போன மறு நிமிஷமே வெடித்தது என்ற சாட்சியத்தை அலட்சியப்படுத்துவதற்கில்லை. உருண்டைக்கு வெடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். உறைமோர் வாங்கிக்கொண்டு திரும்பவும் அதே நேரம்தான் பிடிக்கும். ஆவணி மாத மழை ஈரம் இவர்கள் எல்லோரையும்விட நியாயமான சந்தேகத்துக்குரியது. உலரப் போட்ட துணி உலர்த்தாமல் ஈரம் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. ஆனால் மழையைக் குற்றம் சொல்வதில் யாருக்கும் திருப்தி இல்லை.

களத்தில் கண்ட ஒரு காட்சி. மாமியார் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி முக்காலியில். அனுபவம் அளந்து தேர்ந்த தூரம் அது. மருமகள் இடக்கையில் எவர்சில்வர் தட்டைக் கேடயமாகப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலக்கையால் ஜல்லிக்கரண்டியை நீட்டுகிறார். ஒரு ‘டப்’. சுவரிலிருந்த காலண்டரில் எண்ணெய் தெறிக்கிறது.

“சலிச்சேல்லம்மா?”

“சலிச்சேன் அத்தை. ரெண்டு தடவ.”

“அரிசி மாவ?”

“ஆமா அத்தை.”

“உளுத்தம் மாவ?”

பதில் இல்லை. எண்ணெய் மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தது. இதுவரை நாம் பார்த்த கோட்பாடுகளில் எதுவும் இந்த மூன்று கேள்விகளின் துல்லியத்தை எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தடுப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இரண்டு மாவையும் சலிப்பது, உப்பைத் தண்ணீரில் கரைத்தே சேர்ப்பது, அழுத்தாமல் உருட்டுவது, துணியில் உலரவிடுவது, உருண்டையைக் குண்டூசியால் ஓரிரு இடத்தில் குத்துவது, மிதமான தீ. குண்டூசிதான் சீடையின் பாப்பன் வால்வு. ஆனால் ஒரு ஈட்டு உருண்டைகளைக் குத்தி முடிப்பதற்குள் முதலில் உருட்டியவை காய்ந்து கல்லாகிவிடும் என்பதால், குத்துவது என்று தீர்மானிப்பவர்கள் முதல் ஈட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். வெடிப்பு இரண்டாம் ஈட்டில் நிகழ்கிறது.

முழு ஈட்டையும் போடுமுன் இரண்டு உருண்டைகளை மட்டும் போட்டுப் பார்க்கும் வழக்கம் தரக்கட்டுப்பாட்டின் உச்சம். வெடிக்கிறதா என்று தெரிந்துவிடும். உப்பு சரியா என்றுதான் தெரியாது. நைவேத்தியம் ஆகும்வரை யாரும் வாயில் போடக் கூடாது. ஒரு பண்டத்தைச் செய்பவர் அதன் வலிமையைச் சோதிக்கலாம், ருசியைச் சோதிக்கக் கூடாது என்ற இந்த விதி, கிருஷ்ணனைத்தான் உப்புப் பரிசோதகராக நியமிக்கிறது. அவர் இதுவரை எந்த அறிக்கையும் தந்ததில்லை. பூஜை முடிந்து, கோலத்தில் போட்ட சின்னப் பாதங்களின் மேல் எல்லோரும் நடந்து முடித்த பிறகு, ‘உப்பு கொஞ்சம் தூக்கல்’ என்று மாமனார் தருவதுதான் முதல் அறிக்கை. சோதனைக்குப் போட்ட அந்த இரண்டு உருண்டைகள் என்ன ஆயின என்று விசாரித்தோம். ஏழு வயதுப் பையன் வாயைத் திறக்க மறுத்துவிட்டான்.

வெடித்தவை வீணாவதில்லை. உடைந்த பாதிகள் தனி டப்பாவில் சேர்ந்து, மறுநாள் காப்பியோடு போகின்றன. முழுசாக வந்தவை அக்கம்பக்கத்துக்கும், வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கூரியருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து வரும் தட்டிலும் முழுசானவை மட்டுமே இருப்பதால், தங்கள் வீட்டில்தான் வெடிக்கிறது என்ற எண்ணம் ஊர் முழுவதும் நிலைபெற்றிருக்கிறது. கடைச் சீடை வெடிக்கவே வெடிக்காது என்ற நம்பிக்கைக்கும் இதே மாதிரித் தேர்வுப் பிழைதான் ஆதாரம்.

வெல்லச் சீடையை இந்த ஆய்வில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அது வெடிக்கும் ரகமல்ல. பாகு பதம் தப்பினால் எண்ணெயில் விழுந்ததும் சத்தமில்லாமல் பிரிந்து, கரைந்து, வாணலி முழுக்கக் கருப்பாகிவிடும். அதற்கு மில்காரரையும் எதிர்வீட்டு அம்மாளையும் யாரும் இழுப்பதில்லை. பாகு வைத்தது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வைத்தவர் பெரும்பாலும் நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்.