பெருக்கல் குறி மகாத்மியம்

1872 வரை இங்கிலாந்தில் ஓட்டுப் போடுகிறவன் மேடையேறி, ‘இன்னாருக்கே என் ஓட்டு’ என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். கீழே வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக் கணக்கோடு காத்திருப்பார். அந்த ஆண்டுதான் ரகசிய ஓட்டுக்குச் சட்டம் வந்தது. பொண்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் ஓட்டுப்பெட்டியின் அரக்கில் அழுத்திய முத்திரை, அவ்வூர் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலையுடையது.

அந்த மிட்டாய் ஜனநாயகம் கப்பலேறி, 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலாக வந்திறங்கியது. மொத்தம் 12 இடம். ம.இ.கா. நாலும் யோசித்து, ஓன் ஜாபாரின் சுதந்திர மலாயாக் கட்சிக்குத் தோள் கொடுத்தது. அம்னோ - ம.சீ.ச. கூட்டுக்கு 9, ஓன் கட்சிக்கு 2. அப்புறம் 1954இல் ம.இ.கா. சத்தமில்லாமல் கூட்டணிப் படகில் ஏறிக்கொண்டது. 1955இல் படகு 52க்கு 51 அள்ளியது. யோசிக்காமல் இருந்திருந்தால் இரண்டு வருஷம் மிச்சம்.

சரி, எண்ணும் மேசைக்கு வருவோம். பள்ளிக்கூட வகுப்பறை, பசித்த அதிகாரி, இருபுறமும் கட்சி ஏஜெண்டுகள். சட்டம் கேட்பது பெருக்கல் குறி. ‘ரைட்’ போட்டிருந்தால்? யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். வெறும் தாள் செல்லாது. யாரையும் நோகடிக்காமல் இரண்டு பேருக்கும் போட்ட நல்லவரின் ஓட்டும் செல்லாது. பாசம் பொங்கி, குறிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு ஐ.சி. நம்பரும் எழுதிய தொண்டருடையதும் குப்பைதான். ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டாராம்!

மிட்டாய் தேசத்திலோ தாராளம். 2015இல் மோண்ட்கோமரிஷயரில் ஒரு வாக்காளர் குறிக்குப் பதில் ஆணின் அந்தரங்க உறுப்பை வரைந்து வைத்தார். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியிருந்ததால், செல்லும் என்றார்கள். ஜெயித்த க்ளின் டேவிஸ் கணக்கில் அதுவும் சேர்ந்தது.

நம் பக்கம் அப்படிச் சிரிக்க முடியாத நாள், பொதுத்தேர்தல் நடந்த 2008 மார்ச் 8. கிள்ளான் கோத்தா ஆலம் ஷாவில் எதிர்க்கட்சி வேட்பாளர் மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமுக்குள் இருந்தபடியே சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். அங்கே எந்தக் கோணல் கோட்டுக்கும் அவசியமில்லை. உலு சிலாங்கூரில்தான் நெஞ்சுவலி. 1990 முதல் உட்கார்ந்திருந்த ம.இ.கா.வின் பழனிவேல், வெறும் 198 ஓட்டில் விழுந்தார். அந்த மாதிரி ராத்திரியில்தான் ஏஜெண்டுகளுக்குக் கண்பார்வை கூர்மையாகும்: தங்கள் ஆளுக்கு விழுந்த கீறல் ‘தெளிவு’, எதிராளிக்கு விழுந்தது ‘பேனா வழுக்கியது’.

2010 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் பழனிவேலை ஓரம்கட்டிவிட்டுக் கமலநாதனை நிறுத்தினார்கள். 1,725 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. கீறல்களை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.