இருபது வாட் பாட்டு, எண்பது வாட் சூடு

1983-இல் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவை அம்மா ஓர் எவர்சில்வர் தூக்குப்போசிக்கு மாற்றினாள். பாத்திரக்காரர் முதலில் இரண்டு டம்ளர்தான் தருவேன் என்றார். அம்மா விடவில்லை. "வெறும் மரப்பெட்டின்னு நெனச்சுக்காதீங்க, தூக்கிப் பாருங்க" என்றாள். தூக்கினார், முகம் மாறியது, போசி எங்களுடையதாயிற்று. ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாது. உள்ளே கனமான சாமான் இருந்தால் விலை கூடும் என்பது தெரியும். வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவனுக்கு இதைவிட உருப்படியான யோசனை கிடையாது என்று நான் தெரிந்துகொள்ள நாற்பது வருடமும் நிறைய பெட்ரோலும் செலவாயின.

அந்த ரேடியோ தாத்தாவுடையது. சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேற அரை நிமிடம் ஆகும். தாத்தா சுவிட்சைப் போட்டுவிட்டு, புழக்கடையில் கால் கழுவிக்கொண்டு வந்து உட்காரவும், முகப்பில் அந்தப் பச்சைக் கண் விழிக்கவும் சரியாக இருக்கும். நிலையம் துல்லியமாகப் பிடிபட்டால் கண்ணின் இரண்டு பச்சைப் பட்டைகளும் ஒன்றையொன்று நெருங்கும். நான் பாட்டைக் கேட்டதைவிடக் கண்ணைப் பார்த்ததுதான் அதிகம். இலங்கை வானொலி தேய்ந்து தேய்ந்து வரும் ராத்திரிகளில் கண் சொக்கிச் சொக்கி விழும், அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மட்டும் அதே வேகத்தில் பேசிக்கொண்டிருப்பார். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. தாத்தா போனார். ரேடியோ பரணுக்குப் போய், அங்கிருந்து பாத்திரக்காரரின் சைக்கிளுக்குப் போனது.

வம்பு சென்ற ஆண்டு ஆரம்பித்தது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வீட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் கேட்டேன். கேட்டேன் என்பது சரியல்ல, நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. மேசைமேல் பெரிய கத்தரிக்காய் அளவில் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் குத்துவிளக்கு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. 300 பி என்றார் நண்பர். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1930-களில் சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபயர்களுக்காகச் செய்த வால்வு. ஒரு குமிழ் தருவது சுமார் 8 வாட். ஒரு ஜோடியின் விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மொபெட் வாங்கலாம்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. என் பட்ஜெட் 30 ஆயிரம். மனைவியிடம் சொன்ன பட்ஜெட் 15 ஆயிரம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இருக்கற ஆம்ப்ளிஃபயர்ல பாட்டு கேக்கலையா?" கேட்கிறது. அதுதான் பிரச்சினை என்று ஒரு பள்ளி ஆசிரியையிடம் எப்படி விளக்குவது?

சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது ரிச்சி தெருவில் நுழைந்தேன். ஒரு கடையில் உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று ஒன்று இருந்தது. மேலே இரண்டு குட்டி வால்வு, அடியில் ஆரஞ்சு வெளிச்சம், விலையோ மனைவிக்குச் சொன்ன பட்ஜெட்டுக்கும் கீழே. கையில் எடுத்தேன். காகிதம்போல் இருந்தது. அம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு வால்வை மெல்ல ஆட்டி உருவினேன். சாக்கெட் அப்போதும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கடைப் பையன் சங்கடமில்லாமல் சொன்னான்: "அது கீழ எல்.இ.டி. சார், சும்மா ஷோவுக்கு. வேலையெல்லாம் உள்ள இருக்கிற ஐ.சி. பாத்துக்கும்." வால்வு வாசலில் நின்று வணக்கம் சொல்லும், சமையல் எல்லாம் ஐ.சி.தான். இந்த ஏற்பாட்டில் தவறில்லை, கேட்கவும் நன்றாகவே இருந்தது. ஆனால் குத்துவிளக்குக்குச் சீரியல் பல்ப் மாட்டிய மாதிரி மனசுக்குள் ஏதோ இடித்தது. வால்வைத் திரும்பச் செருகிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஆள் எங்கள் கோயம்புத்தூரிலேயே இருந்தார். டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், எழுபது தாண்டிய ரேடியோ மெக்கானிக். கடையில் பாதியை வயர் அடைத்திருந்தது, மீதியை அவர். ஒரு தகர டப்பாவில் தினத்தாள் சுற்றிய பழைய வால்வுகள், சில பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. ஒன்றை எடுத்து உச்சியைக் காட்டினார். உள்பக்கம் வெள்ளி பூசியதுபோல் ஒரு பொட்டு. "இது வெள்ளியா மின்னுச்சுன்னா வால்வு உசுரோட இருக்குதுங்க. பால் வெள்ளையாயிருச்சுன்னா காத்து பூந்துருச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டறலாம்." மனிதருக்கு முடி நரைப்பதுதான், ஆனால் இதற்கு டை கிடையாது.

300 பி வேண்டும், 8 வாட் போதும் என்றேன், விஷயம் தெரிந்தவன்போல. அவர் வாட்டைக் காதில் வாங்கவேயில்லை. "உங்க ஸ்பீக்கர் எத்தனை டெசிபலுங்க?" என்றார்.

நான் ஸ்பீக்கரை வாட் பார்த்து வாங்கியவன். வீட்டுக்குப் போன் செய்து அட்டைப்பெட்டியைப் படிக்கச் சொன்னேன். 86. நண்பருடையது பீரோ அளவு ஹார்ன் ஸ்பீக்கர், 98 என்று அவரே பலமுறை சொல்லியிருந்தார். மெக்கானிக் ஒரு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான் அந்த டெசிபல். மூன்று டெசிபல் ஏற்ற வேண்டுமானால் வாட்டை இரட்டிக்க வேண்டும். 86-லிருந்து 98-க்கு நான்கு படி, அதாவது பதினாறு மடங்கு. நண்பர் வீட்டில் 8 வாட் செய்கிற காரியத்தை என் அலமாரி ஸ்பீக்கரில் செய்ய 128 வாட் வேண்டும்! மண்டபத்துக்குக் கட்டுகிற அளவு. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு விலை கேட்கப் போனவன் நான் என்று நினைத்தேன். உண்மையில் அங்குசத்துக்கு ஏற்ற யானையைத் தேடி அலைந்திருக்கிறேன். எல்லோரும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது ஸ்பீக்கர் வாங்கிய அன்றே முடிந்துபோன விஷயம்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்தது. "அத்தனை சத்தம் உங்களுக்கு எதுக்குங்க? பக்கத்து வீட்டுக்காரர் நல்லா இருக்கட்டும். பத்துக்குப் பன்னண்டு ரூம்புல நீங்க கேக்கறதுக்கு ஒரு வாட்டே மிச்சங்க. தவில் திடீர்னு அடிச்சா ஏறி எறங்கப் பத்து வாட் இருந்தாப் போதும்" என்றார். அதற்கு அவர் சொன்ன வழி இ.எல்.84. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பருமனான வால்வு. பக்கத்துக்கு இரண்டு, புஷ்-புல் முறையில். ஒன்று தள்ள ஒன்று இழுக்க, இரட்டை மாட்டு வண்டி மாதிரி. புது வால்வு ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகிறது, ரஷ்யாவின் சரத்தோவிலிருந்து வருகிறது, சீனாவிலிருந்தும் வருகிறது. தீர்ந்துபோனால் கையைப் பிசைய வேண்டாம். 1976-இல் ஒரு சோவியத் விமானி மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானில் போய் இறங்கியபோது, பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே வால்வுகளைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். அன்று சிரித்த நாடுகளின் இசைப் பித்தர்களில் பெரும்பாலோர் இன்று அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போன ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. விலை 28 ஆயிரம். நான் வால்வுகளைக் குனிந்து குனிந்து பார்த்தேன். "அதை எதுக்குங்க பாக்கறீங்க, அது எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று பின்பக்கம் இருந்த மூன்று கறுப்பு இரும்புக் கட்டிகளைத் தட்டினார். ஒன்று மின்சாரம் வாங்க, இரண்டு பாட்டை ஸ்பீக்கருக்கு இறக்க. வால்வு ஆயிரக்கணக்கான ஓம் கேட்கும், ஸ்பீக்கர் 8 ஓம்தான். இருவருக்கும் நடுவே பேசிவைக்கிற தரகர் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர். விலை குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது அதன் இரும்பிலும் செம்பிலும்தான், குறைவது முதலில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம். "தூக்கிப் பாருங்க" என்றார்.

தூக்கினேன். இடுப்பில் ஏதோ நகர்ந்தது. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

கொடுக்கும்போது இரண்டு கட்டளை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யக்கூடாது, தரகருக்கு ஆகாது. அடிப்பலகையை ஒருநாளும் திறக்கக்கூடாது. உள்ளே 300 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும். திறந்தே தீர வேண்டியவர்கள் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டுமாம், ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க. அவர் வேட்டி கட்டுகிறவர். ஆகவே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு சால்டரிங் செய்கிறார். பார்க்க ராஜாவுக்குக் கடிதம் கொண்டுவந்த தூதன்போல் இருக்கும்.

நண்பர் வந்து கேட்டார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் ஸ்வரத்தோடு கூடவே அதன் இரண்டாம் ஹார்மானிக்கையும் கொஞ்சம் கலந்துவிடும். ஸட்ஜம் வாசித்தால் மேல்ஸ்தாயி ஸட்ஜமும் சன்னமாக ஒட்டிக்கொண்டு வரும். பிழைதான், ஆனால் சுருதி சேர்ந்த பிழை, அதனால்தான் காதுக்கு இதமாக இருக்கிறது. புஷ்-புல்லில் இரண்டு வால்வும் எதிரெதிராக வேலை செய்வதால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். "வால்வோட அழகே அந்தக் குறைதான். நீர் காசு கொடுத்துக் குறையில்லாததை வாங்கியிருக்கீர்" என்றார். ஐம்பத்திரண்டு வயதுக் காதோடு அதை மறுக்கும் தைரியம் எனக்கில்லை.

குறை இல்லாமலும் இல்லை. பக்கத்துக்குப் பத்து வாட், ஆக இருபது வாட் பாட்டுக்கு, பெட்டி சுவரிலிருந்து சுமார் நூறு வாட் இழுக்கிறது. மிச்சம் அத்தனையும் சூடு. மே மாதத்தில் ராகம் முடிந்து தானம் வரும்போது பனியன் நனைந்திருக்கும். பல்லி ஒன்று பின்சுவரில் நிரந்தர ரசிகராகிவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மின்கட்டண ரசீதை மட்டும் ஆம்ப்ளிஃபயர்மேல் செருகிவைத்தாள்.

மார்கழி வந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருந்தது. அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் தலையில் தூக்குப்போசி. அதே போசி. உள்ளே விளிம்புவரை இட்லி மாவு.

"அம்மா!"

"பனில ரெண்டு நாளா மாவு பொங்கலைடா கண்ணு. இதுல கையை வெச்சாச் சுகமா சுடுது."

கெப்பாசிட்டர், 300 வோல்ட், நெஞ்சு எல்லாம் விளக்கினேன். கீழே இறக்கிப் பக்கத்தில் வைக்கச் சம்மதித்தாள். நான் ஒரு முழம் கேட்டேன், அவள் நாலு விரல் கேட்டாள், ஒரு ஜாணில் முடிந்தது. சரி, பாட்டை நிறுத்தலாமா என்றேன். "சத்தத்தக் கொறச்சாச் சூடும் கொறையுமா?" என்றாள். குறையாது, பாடினாலும் பாடாவிட்டாலும் வால்வு அதே சூட்டில்தான் இருக்கும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அப்பப் பாட்ட நிறுத்திட்டுப் பெட்டிய எரிய விடு." பதினொரு மணிவரை ஒரு பாட்டும் இல்லாமல் நான்கு இ.எல்.84-ம் மாவுக்காக எரிந்தன.

காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தாள், மெச்சுதலாக அந்தப் பெட்டியையும் பார்த்தாள்.

"உங்க தாத்தா ரேடியோவும் இப்பிடித்தான்டா சுடும்" என்றாள். "அன்னைக்கு எனக்குத் தோணாமப் போச்சு பாரு."